இரண்டாம் குறுக்குத் தெருவில் முட்டி நின்ற அடியாள்

எட்டு மாதமும் 137,000 ரூபாவும் போன பிறகுதான் நான் செய்துகொண்டிருக்கும் கணினி கேமில் ஒரு எதிரி ஒழுங்காகச் சுவரைச் சுற்றி நடந்து வந்தான். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறை, பகலில் கணக்கு வேலை, இரவு ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை கேம். இதுதான் என் நாள். கேட்டுப் பார்க்க இந்தத் தொழில் தெரிந்த ஒருவரும் பக்கத்தில் இல்லை. தமிழில் தேடிப் பார்த்தேன், எனக்கு எதுவும் அகப்படவில்லை. அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். அடுத்து இதே இடத்தில் வந்து நிற்கப்போகும் ஒரு தம்பிக்கோ தங்கச்சிக்கோ ஒரு மாதமாவது மிஞ்சட்டும்.

கேம் நடப்பது கொழும்பின் சந்தைப் பகுதியான புறக்கோட்டையில். ஒரு பையன் சோற்றுப் பார்சல்களைக் கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவனுடைய அப்பா வட்டிக்குக் கடன் வாங்கிவிட்டார், வட்டிக்காரனின் அடியாட்கள் பையனைத் துரத்துவார்கள். மேலிருந்து பார்க்கும் இரு பரிமாணக் கேம். 2024 மே மாதம் தொடங்கினேன். குறுக்குத் தெருக்கள், பிரதான வீதி, கெய்சர் வீதி, இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாகச் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் என்று ஜூலை முடிவதற்குள் ஊரே தயாராகிவிட்டது. பையன் ஓடினான், பார்சல் கொடுத்தான். இனி துரத்த ஆள் போட்டால் போதும், ஒரு வாரத்து வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் அடியாளை எழுத உண்மையில் பத்து நிமிடம்தான் எடுத்தது. பையன் நிற்கும் இடத்திலிருந்து அடியாள் நிற்கும் இடத்தைக் கழித்தால் திசை வரும். அந்தத் திசையில் வேகத்தைப் பெருக்கி நகர்த்தினால் சரி. ஐந்து வரி. வெறும் மைதானத்தில் ஓடவிட்டுப் பார்த்தபோது அவன் என்னைத் துரத்திய துரத்தலில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்புறம் அவனைத் தெருவுக்குள் கொண்டுவந்து விட்டேன். பையன் முதலாம் குறுக்குத் தெருவில் நிற்கிறான், அடியாள் இரண்டாவதில். நடுவே ஒரு கடை வரிசை. அடியாள் நேராகப் போய்க் கடைச் சுவரில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றான். காலை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தான்.

சுவரில் முட்டினால் வலது பக்கம் திரும்பு என்று ஒரு வரி சேர்த்தேன். கொஞ்சம் நகர்ந்தான். திரும்பி மூன்று விநாடி நட என்று இன்னொரு வரி. அதுவும் பலித்தது, ஒரு முட்டுச் சந்துக்குள் நுழையும் வரைக்கும். உள்ளே போனவன் வலது, இடது, வலது என்று திரும்பிக்கொண்டே அங்கேயே கிடந்தான். இப்படி ஒட்டுப் போட்டே இரண்டு கிழமை போய்விட்டது.

இந்த இடத்தில் எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டியது ஒன்று உண்டு. 1980இல் வந்த பேக்மேன் என்ற கேமில், பேக்மேனைப் பேய்கள் எவ்வளவு கெட்டித்தனமாகத் துரத்துகின்றன! ஆனால் அவை முழு வழியையும் கணக்கிடுவதே இல்லை. சந்திக்கு வரும்போது, வந்த பக்கம் திரும்பாமல், இலக்குக்கு நேர்க்கோட்டில் எந்தக் கட்டம் கிட்ட இருக்கிறதோ அதற்குள் நுழைகின்றன. அவ்வளவுதான். இளஞ்சிவப்புப் பேய் முன்னால் வந்து மறிப்பதுபோல் தோன்றுவதற்குக் காரணம், அதன் இலக்கு பேக்மேன் நிற்கும் கட்டமாக இல்லாமல் நான்கு கட்டம் முன்னால் இருப்பது. இவ்வளவு எளிய விதி அங்கே செல்லுபடியாவது ஏனென்றால், அந்த வரைபடத்தில் முட்டுச் சந்து ஒன்றுகூட இல்லை. என்னுடைய புறக்கோட்டையில் பதினொரு முட்டுச் சந்து இருந்தது. ஆகவே கோட் (கணினி நிரல்) எழுத முன் உங்கள் வரைபடத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். முட்டுச் சந்தை எடுத்துவிட முடியுமென்றால் பேய்களின் விதியே போதும், ஒரு மாலையில் வேலை முடியும். நான் எடுக்க விரும்பவில்லை. எனக்குப் புறக்கோட்டை புறக்கோட்டையாகவே வேண்டும்.

இனிக் காசு போன கதை. ஓகஸ்ட் கடைசியில் ஒரு இணையப் பாடநெறிக்கு 6,000 ரூபா கட்டினேன். அது கெட்ட பாடமல்ல, ஆனால் சொல்வதைப் பார்த்து அப்படியே தட்டச்சுச் செய்தேன், ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. செப்டெம்பரில் எதிரிகளின் மூளை முழுவதும் தயாராக இருக்கிறது என்று விளம்பரம் போட்ட ஒரு பொதியை டொலரில் வாங்கினேன், நம் காசுக்கு 18,000. வாங்கித் திறந்த பிறகுதான் அது முப்பரிமாணக் கேம்களுக்கென்று செய்யப்பட்டது என்று விளங்கியது. பதிவிறக்கிவிட்டதால் காசு திரும்பவில்லை. அந்தக் கோபத்தில், கேம் கட்டப் பாவித்த மென்பொருளான என்ஜினையே விட்டுவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் கோடோ என்ற என்ஜினுக்கு மாறினேன். கோடோ எனக்கு நன்றாகப் பொருந்தியது, ஆனால் செய்தவை எல்லாவற்றையும் திரும்பக் கட்ட ஆறு கிழமை எடுத்தது.

நவம்பரில் பொறுமை போய், இணையத்தில் பிடித்த ஒருவரிடம் வேலையைக் கொடுத்தேன். 75,000 ரூபா, முழுவதும் முன்பணம். நான் கேட்டது ஒரே வரி: எதிரிகள் என் ஆளைத் துரத்த வேண்டும். அவர் அனுப்பியது அவருடைய மாதிரி வரைபடத்தில் அழகாக ஓடியது. என் தெருக்களுக்குள் போட்டால் ஒருவனும் அசையவில்லை. இரண்டு முறை எழுதினேன், பதில் வந்தது. மூன்றாம் முறை வரவில்லை. அந்தக் காசு அம்மாவுக்குக் கண் வைத்தியத்துக்கென்று நான் சேர்த்து வைத்ததில் ஒரு பங்கு. அதை அம்மாவிடம் சொல்ல எனக்கு மூன்று மாதம் எடுத்தது. அந்த நாட்களில் கணினியைப் போடவே வயிற்றைப் பிசைந்தது.

வேலையை வெளியில் கொடுப்பதே பிழை என்று நான் சொல்ல வரவில்லை. கொடுப்பதென்றால் உங்கள் சொந்த வரைபடத்தை முதலில் அனுப்பி, அதில் ஓடுவதைப் பார்த்த பிறகுதான் பாதிக் காசு என்று பேசுங்கள். என்ன வேண்டும் என்பதையும் சம்பவமாக எழுதுங்கள்: முட்டுச் சந்தின் உள்ளே அடியாள் நிற்கிறான், பையன் சுவருக்கு அந்தப் பக்கம், அடியாள் வெளியே வந்து சுற்றிப் போக வேண்டும். இப்படிப் பத்துச் சம்பவம் எழுதினால் வாங்குபவருக்கும் செய்பவருக்கும் குழப்பம் இருக்காது.

டிசம்பரில் நானே உட்கார்ந்து ஏ ஸ்டார் என்ற வழிதேடும் முறையை எங்கெங்கோ பார்த்து எழுதிவிட்டேன். ஓடியது, ஆனால் விசித்திரமாக ஓடியது. நேரே போகக்கூடிய இடத்தில் சுற்றிப் போவான். முப்பது அடியாட்களை விட்டால் திரை விக்கி விக்கி நகரும். என் கணினி பழையது, அதுதான் காரணம் என்று முடிவு கட்டி, பாவித்த கிராபிக்ஸ் கார்ட் ஒன்றை 38,000 கொடுத்து வாங்கினேன். எந்த மாற்றமும் இல்லை. வழிதேடும் கணக்கைச் செய்வது கிராபிக்ஸ் கார்ட் அல்ல, மையச் செயலி. இது அடிப்படை. எனக்கு அது தெரியாமல் இருந்ததற்கு 38,000.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகலில் நாடு முழுக்க மின்சாரம் போனது. பாணந்துறைப் பக்கம் ஒரு குரங்கு புகுந்ததால் வந்த வினை என்று பிறகு சொன்னார்கள். கணினியும் அதோடு அணைந்துவிட்டது. காற்றாடியும் இல்லை, அறை கொதித்தது. பழைய சதுரக்கோட்டுக் கொப்பி ஒன்று கிடந்தது. அதையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு ஜன்னலடியில் உட்கார்ந்து, நான் எழுதிய கோட் செய்வதை ஒவ்வொரு கட்டமாகக் கையால் செய்து பார்த்தேன்.

பத்துக்கு எட்டுக் கட்டம். நடுவில் வாய் திறந்த பெட்டிபோல ஒரு முட்டுச் சந்து, அதன் உள்ளே அடியாள், வெளியே பையன். ஏ ஸ்டாரில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு எண். தொடங்கிய இடத்திலிருந்து இங்கே வர உண்மையில் எவ்வளவு செலவானது என்பது ஒன்று. இங்கிருந்து இலக்குக்கு இன்னும் எவ்வளவு இருக்கும் என்ற ஊகம் மற்றது. இரண்டின் கூட்டுத்தொகை எந்தக் கட்டத்தில் குறைவோ அதைத்தான் அடுத்து விரிக்க வேண்டும். நேராக ஓரடிக்கு 10, மூலைவிட்டமாக ஓரடிக்கு 14 என்று வைத்துக்கொண்டு நிரப்பிக்கொண்டே போனேன். முட்டுச் சந்தின் உட்பக்கக் கட்டங்கள் முழுவதும் நிரம்பின, ஊகம் பொய்த்துக்கொண்டே வந்தது, கூட்டுத்தொகை ஏறியது, ஏறி ஏறிக் கடைசியில் சந்தின் வாசற் கட்டம்தான் மலிவு என்று ஆனது. பென்சில் தானாகவே வெளியே வந்தது. ஆறு மாதம் படித்தும் விளங்காதது அந்த ஒரு மணித்தியாலத்தில் விளங்கியது. கண் கலங்கிவிட்டது எனக்கு.

என் பிழையும் அங்கேயே அகப்பட்டது. மூன்று கட்டம் வலதும் மூன்று கட்டம் கீழுமாக இருக்கும் இலக்குக்கு மூலைவிட்டமாகப் போனால் உண்மைச் செலவு 42. என் கோட் போட்ட ஊகம் 60. நேர்ப்பக்கங்களை மட்டும் கூட்டும் ஊகத்தை வைத்துக்கொண்டே மூலைவிட்டமாக நடக்கவும் அனுமதித்திருந்தேன். ஊகம் உண்மையை விஞ்சக் கூடாது. விஞ்சினால் குறுகிய வழி கிடைக்கும் என்ற உத்தரவாதம் போய்விடும். இந்த முறையை 1968இல் வெளியிட்ட ஹார்ட், நில்சன், ரஃபேல் மூவரும் அந்த உத்தரவாதத்தைக் கணிதமாகவே நிறுவிக் காட்டியிருக்கிறார்கள். ஸ்டான்ஃபர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஷேக்கி என்ற ரோபோவை நடக்க வைக்கும் வேலையில் பிறந்தது அது. நான்கு திசை நடைக்கு நேர்ப்பக்கங்களைக் கூட்டுங்கள். எட்டுத் திசைக்கு, இரண்டு தூரத்தில் சிறியதை 14ஆல் பெருக்கி, மிச்ச வித்தியாசத்தை 10ஆல் பெருக்கிக் கூட்டுங்கள்.

மின்சாரம் வரும் வரைக்கும் எழுதிக்கொண்டே இருந்தேன். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மூன்று கேள்வி எழுதினேன்: எங்கே போவது? எந்த வழியாகப் போவது? அடியை எப்படி எடுத்து வைப்பது? என் நிரலில் இந்த மூன்றும் ஒரே கோப்பில், ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடந்தன. அதனால்தான் அடியாள் நின்றுவிட்டால் எதில் பிழை என்று எனக்குத் தெரியவில்லை. அன்றிரவே மூன்றாகப் பிரிக்கத் தொடங்கினேன். இலக்கைத் தீர்மானிப்பது ஒன்று, கட்டங்களின் வரிசையைத் தருவது ஒன்று, உடம்பை நகர்த்துவது ஒன்று. ஒன்று மற்றதன் வயிற்றுக்குள் கை வைக்கக் கூடாது.

பிரித்தவுடன் செய்த அடுத்த வேலை, வழியைத் திரையில் சிவப்புக் கோடாக வரைந்தது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். கோட்டைப் பார்த்ததும் அதிர்ந்து போனேன். கோடு சந்தைச் சுற்றிச் சரியாகப் போய்க்கொண்டிருந்தது, அடியாள்தான் மூலையில் தோள் மாட்டி நின்றான். வழியில் பிழையே இல்லை, உடம்பு அகலம்! கட்டத்தின் மூலையை உரசிக்கொண்டு போகும் கோட்டில் சதுர உடம்பு போகாது. மோதும் வடிவத்தைச் சதுரத்திலிருந்து வட்டமாக்கி, கட்டத்தைவிடச் சிறிதாக்கி, இரண்டு பக்கமும் சுவர் இல்லாத இடத்தில் மட்டும் மூலைவிட்டமாகப் போக விட்டேன். கட்டங்களுக்குப் பதிலாக நேவ்மெஷ் (நடக்கக்கூடிய இடங்களைப் பல்கோணங்களாகக் குறிக்கும் வரைபடம்) பாவிப்பவர்கள், அதை உருவாக்கும்போது ஆளின் ஆரத்தைக் கொடுக்க மறக்காதீர்கள். கொடுத்தால் சுவரிலிருந்து அவ்வளவு தள்ளியே பாதை உருவாகும்.

நான் எழுதிய ஏ ஸ்டாரையும் அப்போது தூக்கிவிட்டேன். கோடோவிலேயே கட்டங்களுக்கென்று ஒன்று இருக்கிறது, அது மிகவும் வேகம். அதிலும் ஒரு குழி: கட்டத்தின் அளவையோ எல்லையையோ மாற்றினால் அப்டேட் என்று ஒரு அழைப்புக் கொடுக்க வேண்டும். அந்த அழைப்பு, அதற்கு முன் நீங்கள் குறித்து வைத்த சுவர்கள் எல்லாவற்றையும் அழித்துவிடும். நான் சுவர்களைக் குறித்துவிட்டுப் பிறகு அப்டேட் கொடுத்தேன். கோடு கட்டடங்களை ஊடறுத்துக்கொண்டு போனது. இரண்டு நாள் தலையைப் பிய்த்தேன். முதலில் எல்லை, கட்ட அளவு, பிறகு அப்டேட், கடைசியாகச் சுவர். அந்த வரிசை மாறக் கூடாது. ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறது.

ஆவணத்தைப் படித்தபோது இன்னொன்றும் தெரிய வந்தது, அது என்னைக் கொஞ்ச நாள் தூங்கவிடவில்லை. கோடோவின் வழிதேடும் (நேவிகேஷன்) வரைபடம் கேம் தொடங்கிய அந்தக் கணத்திலேயே தயாராக இருக்காது, முதல் பௌதிகச் சட்டகம் (அசைவையும் மோதலையும் கணக்கிடும் ஒரு சுற்று) கடந்த பிறகுதான் ஒத்திசையும். அதற்கு முன் வழி கேட்டால் வெறும் பட்டியல்தான் வரும். 75,000 கொடுத்து வாங்கிய நிரலைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். தொடக்கத்திலேயே ஒரே ஒரு முறை வழி கேட்கும்படி அதை நான்தான் என் காட்சியில் இணைத்திருந்தேன். ஒரு சட்டகம் பொறுத்துக் கேட்கும்படி ஒரு வரி சேர்த்ததும் அடியாட்கள் நடந்தார்கள். அந்த மனிதர் பதில் போடாமல் விட்டது சரியல்ல. ஆனாலும் வேலை ஓடவில்லை என்று நான் கோபமாக எழுதிய கடிதங்களை நினைத்தால் இப்போதும் மனம் சங்கடப்படுகிறது.

வேகப் பிரச்சினைக்கு வருகிறேன். முப்பது பேர், விநாடிக்கு அறுபது சட்டகம், ஒவ்வொரு சட்டகத்திலும் எல்லோரும் புதிதாக வழி கேட்டார்கள். விநாடிக்கு 1,800 தேடல். பையன் அடுத்த கட்டத்துக்கு நகராதவரை பழைய வழியே போதும் என்று மாற்றியதும் திரை விக்குவது நின்றது. பிறகு அதைவிட நல்ல வழி ஒன்று கிடைத்தது. முப்பது பேரும் தேடுவது ஒரே ஆளை. அப்படியென்றால் பையன் நிற்கும் கட்டத்துக்கு 0, பக்கத்துக் கட்டங்களுக்கு 1, அவற்றின் பக்கத்துக்கு 2 என்று ஊர் முழுக்க ஒரு முறை எண் போட்டுவிட்டால் சரி. ஒவ்வொரு அடியாளும் தன் பக்கத்தில் எது சிறிய எண் என்று பார்த்து அதில் காலை வைக்க வேண்டியதுதான். தேடல் ஒன்றே ஒன்று. ஆட்கள் பலர், இலக்கு ஒன்று என்றால் இதைத்தான் முதலில் யோசியுங்கள்.

கடைசியாக மிஞ்சியது தள்ளுவண்டி. புறக்கோட்டையில் தள்ளுவண்டி இல்லாமல் கேம் செய்ய எனக்கு மனமில்லை. வண்டி நகரும் ஒவ்வொரு கட்டத்தையும் சுவராகக் குறித்தேன். வழி நொடிக்கு நொடி மாறி, அடியாட்கள் ஓரடி முன்னும் ஓரடி பின்னுமாகத் தத்தளித்தார்கள். மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை நேரே புறக்கோட்டைக்கே போனேன். கெய்சர் வீதிச் சந்தியில் ஒரு தேநீர்க் கடை வாசலில் நின்று இரண்டு மணித்தியாலம், சுமை ஏற்றி இறக்கும் நாட்டாமிமாரைப் பார்த்தேன். துணிச் சுருள்கள் தலைக்கு மேல் ஏற்றிய வண்டியைக் குனிந்து தள்ளிக்கொண்டு வந்த ஒருவர், முன்னால் முச்சக்கர வண்டி குறுக்கே வந்தபோது நிற்கவே இல்லை. இடுப்பை மட்டும் ஒரு பக்கம் சாய்த்து, சக்கரத்தை ஒரு சாண் திருப்பி, மறுபடி நேரானார். அதே ஆள், சரக்கு இறக்கிக்கொண்டிருந்த லொறியைத் தூரத்தில் கண்டதும் அடுத்த தெருவுக்குள் திரும்பிவிட்டார்.

அவர் தேநீர் குடிக்க வந்தபோது பேச்சுக் கொடுத்தேன். "அண்ணே, இவ்வளவு கூட்டத்துக்குள்ள எப்படி வழி பார்த்துத் தள்ளுறீங்க?"

"போற தெரு மனசுல இருக்கு தம்பி. கண்ணு முன்னால ரெண்டு முழத்துலதான் இருக்கணும். அசையிற சாமான் தானா விலகிரும். நின்ன சாமானுக்குத்தான் தெரு மாத்தணும்."

வீட்டுக்கு வந்து அப்படியே எழுதினேன். நகரும் வண்டி வரைபடத்தில் சேராது, கிட்ட வந்தால் உடம்பு மட்டும் ஒதுங்கும். இரண்டு விநாடிக்கு மேல் நின்ற வண்டி சுவராகக் குறிக்கப்படும். ஒதுங்கும் நடைக்குக் கிரெய்க் ரெனால்ட்ஸ் 1987இல் கணினித் திரையில் பறவைக் கூட்டங்களைப் பறக்க வைக்கச் செய்த விதிகளில் ஒன்றே உதவியது: பக்கத்தில் இருப்பவனிடமிருந்து கொஞ்சம் தள்ளு. அதைப் போட்டதும் அடியாட்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏறி ஒரே குவியலாக வருவதும் நின்றது. கவனிக்க வேண்டியது, தள்ளும் வேகம் துரத்தும் வேகத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒருவரை ஒருவர் சுவருக்குள் தள்ளிவிடுவார்கள்.

ஒடுக்கமான சந்தில் இரண்டு அடியாட்கள் நேருக்கு நேர் வந்தால் மட்டும் இரண்டு பேரும் நின்று நடுங்கினார்கள். அதற்கும் அன்று அந்த அண்ணன் சொன்னதே கைகொடுத்தது. "சுமை வண்டிக்குத்தான் வழி. வெறும் வண்டி ஒதுங்கிரணும். சுமையோட நிறுத்துனா திரும்பக் கிளப்ப ஏலாது தம்பி." ஒவ்வொரு அடியாளுக்கும் ஒரு எண் கொடுத்தேன். எதிரெதிரே சந்தித்தால் சிறிய எண்காரன் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அக்காவின் மகன் போன ஞாயிறு வந்து விளையாடினான். பையனைச் சந்துக்குள் ஒளித்துவிட்டு இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏழாம் எண்காரன் சுவரோடு ஒட்டினான், பன்னிரண்டாம் எண்காரன் அவனைக் கடந்து உள்ளே வந்தான். "மாமா, இவங்க வழி விடுறாங்க!" என்று கத்திக்கொண்டே பார்சலைப் போட்டுவிட்டு ஓடினான்.